மழைக்காலத்துப் படம் வரைந்த எஸ்தர் அம்மா

மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அகலப்பாதை போட்டு முடித்த வருஷம் அது. அதே வருஷக் கடைசியில்தான் கடல் ஏறி வந்து நாகப்பட்டினத்துப் பக்கம் அத்தனை சனத்தைக் கொண்டுபோனது. அந்த இரண்டுக்கும் நடுவில், ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் ஆபீசில் எஸ்தர் அம்மா ஒரு படத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்தார். அன்று அந்த அறையில் ஆறு பேர் இருந்தோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தேன். மருமகள் போனைக் கொண்டுவந்து காதில் வைத்தாள். “மாமா, வில்லிபுத்தூர்ல இருந்து ஜெனிபராம்.” ஜெனிபர், எஸ்தர் அம்மாவின் தம்பி மகள். “தாத்தா, அத்தை போயிட்டாங்க” என்றது பிள்ளை. எப்படிப் போனார், எத்தனை மணிக்குப் போனார் என்று நான் கேட்கவில்லை. “படம் எங்க இருக்கு தாயி?” என்றுதான் கேட்டேன். “உங்ககிட்டக் குடுக்கச் சொல்லித்தான் தலைமாட்டுல வெச்சிருந்தாங்க” என்று சொல்லிவிட்டு அழுதது. அம்மாவைத் தெரிந்தவர்களே, துக்கச் சேதி சொன்ன பிள்ளையிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஏன் கேட்டேன் என்று சொல்லத்தான் இதை எழுதச் சொல்கிறேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. சொல்லச் சொல்ல ஜெனிபர் எழுதுகிறது. என் பெயர் பொன்னையா. வன்னியம்பட்டிக்காரன். நகரமைப்புப் பிரிவில் செயின்மேனாக இருந்தவன். சர்வேயர் அளக்கும்போது சங்கிலியை இழுத்துப் பிடிக்கிறவன், கல் நடுகிறவன், கல்லைத் தேடி முள்ளுக்குள் நுழைகிறவன். எந்த ஊர் ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆபீஸ் என்பது சுவரும் கூரையும். சுவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

அம்மா அங்கே வரைவாளர். எந்த நிலம் எதற்கு என்று வண்ணம் போட்டுப் பிரிக்கிற படம் அவர் மேசையில்தான் விரிந்து கிடக்கும். குடியிருப்புக்கு மஞ்சள், விவசாயத்துக்குப் பச்சை, ஆலைக்கு ஊதா, தண்ணீருக்கு நீலம். எழுத்துத் தெரியாத எனக்கு அந்தப் படம் மட்டும் வாசிக்க வந்தது. பென்சில்களை நூல் கட்டி மேசைக் காலோடு முடிந்து வைத்திருப்பார். ஆபீசர்மார் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு போய்விடுவார்களாம். “பாருங்கண்ணே, மஞ்சப் பென்சிலு மாசம் ஒண்ணு தீருது. நீலப் பென்சிலு நான் வேலைக்குச் சேந்தப்ப வாங்குனது. நம்ம ஊருல தண்ணிக்கு அம்புட்டுத்தான் மரியாதை” என்று சிரிப்பார்.

என்னை அண்ணே என்று கூப்பிட்ட ஒரே உத்தியோகஸ்தர் அவர்தான். சர்வேயர் என்னைவிட ஆறு வயது இளையவர். அவருக்கு நான் “ஏலே”. அந்தச் சர்வேயரின் பெயரை இப்போது சொல்லவில்லை. “பேரு வேண்டாம் தாத்தா” என்று ஜெனிபர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் எழுது தாயி என்றேன்.

அளந்துவிட்டு வந்தால் சர்வேயர் நோட்டை மேசையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அம்மா நோட்டைத் தொட மாட்டார். “அண்ணே, கண்ண மூடிக்கிட்டு நடங்க” என்பார். நான் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன். கிழக்கே பார்த்து முதல் கல், அதிலிருந்து பனைமரம், பனைக்கு இடது கையில் மொட்டைக் கிணறு, கிணற்றைத் தாண்டினால் பள்ளம் வளைகிறது, வளைவில் இரண்டாவது கல். இப்படிச் சொல்லிக்கொண்டே போவேன். அம்மா நோட்டைப் பிரித்து ஒத்துப் பார்ப்பார். ஒரு தடவை நோட்டும் என் பேச்சும் முட்டிக்கொண்டது. சர்வேயர் வந்து, “கைநாட்டுப் பய சொல்றதக் கேட்டா படம் போடுறீங்க?” என்று கத்தினார். மறுநாள் அம்மா வெயிலில் குடையோடு வந்து பார்த்தார். கல் நான் சொன்ன இடத்தில்தான் இருந்தது. திரும்பி வரும்போது சொன்னார், “நோட்டு டீக்கடையில கூட எழுதலாம். காலு அங்கன போயிருந்தாத்தான் இப்பிடிச் சொல்ல முடியும்.” அன்றிலிருந்து சர்வேயருக்கு எங்கள் இரண்டு பேரையும் பிடிக்காது.

ஊருக்கு மேற்கே மலையிலிருந்து இறங்கி, கரட்டுக் குன்றைச் சுற்றிக் கண்மாய்க்குப் போகும் ஒரு ஓடை உண்டு. கரட்டோடை என்போம். வருஷத்தில் நாலு நாள் ஓடினால் பெரிது. மீதி நாளெல்லாம் மணல் விரிந்து காய்ந்து கிடக்கும். அறுப்புக் காலத்தில் மாட்டு வண்டிகள் அதில் இறங்கித்தான் வரும். சுற்றிலும் பருத்தியும் சோளமும் விளைந்த பூமி. படத்தில் பச்சை, நடுவில் அம்மா போட்ட ஒற்றை நீலக்கோடு. அந்தப் பூமியை ஒருவர் மொத்தமாக வாங்கினார். பிளாட் போட வேண்டும், பச்சையை மஞ்சளாக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தார். பச்சை மஞ்சளாவது புதிதல்ல. நீலம்தான் இடித்தது. நீலக்கோடு நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் இடம் விட வேண்டும். பாதிப் பிளாட் போய்விடும்.

சர்வேயர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பங்குனி வெயில். ஓடை மணலில் நின்றுகொண்டு கேட்டார்.

“ஏலே பொன்னையா, இதுல வண்டி போகுமாலே?”

“போகும் சார்.”

“காலங்காலமா போகுதா?”

“எங்க அய்யா காலத்துல இருந்து போகுது சார்.”

“அம்புட்டுத்தான். இங்கன கைநாட்டு வையி.”

வைத்தேன். நான் சொன்னது பொய்யில்லை. தண்ணீர் போகுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை ஆபீசரிடம் சொல்லக்கூடாது என்பதுதான் செயின்மேன் வேலையில் முதலில் பழகுகிற பழக்கம். அந்தத் தாளில் கரட்டோடையை வண்டிப்பாதை என்று எழுதியிருந்தார்கள் என்பது எனக்கு ஆடி மாதம்தான் தெரிந்தது.

இடையில் ஒரு நாள், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்ற நோட்டீசை ஆபீஸ் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். பசை காய்ச்சி, சுருக்கம் விழாமல் தடவி ஒட்டினேன். நன்றாக ஒட்டியிருக்கிறாய் என்று ஆபீசர் தட்டிக்கொடுத்தார். என் மச்சினன் பூமி அந்த ஓடைக்குக் கீழேதான் இருக்கிறது. அவனிடம்கூட நான் சொல்லவில்லை. எனக்கு அது வெறும் காகிதம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அறையில் ஆபீசர் இருந்தார். பிளாட் போட்டவர் இருந்தார். அவரோடு ஒரு கவுன்சிலர் வந்திருந்தார். சர்வேயர் ஜன்னலோரம் நின்றார். நான் படக் குழாயைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். புதுப் படம் மேசையில் விரிந்திருந்தது. ஓடை இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் கோடு. வண்டிப்பாதை. மூலையில் வரைந்தவர் கையெழுத்துக்கு இடம் காலி.

“நான் வரையலையே இத” என்றார் அம்மா.

“யாரு வரஞ்சா என்னம்மா? ஒரு கையெழுத்து” என்றார் ஆபீசர்.

“இது ஓடை சார்.”

சர்வேயர் ஜன்னலை விட்டு வந்தார். “உங்க பொன்னையாதான் வண்டிப்பாதைன்னு வாக்குமூலம் குடுத்திருக்கான். அவன் காலைத்தானே நீங்க நம்புவிய? கேளுங்க.”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “வண்டி போகும்மா” என்றேன். ஒரு சொல் கூடச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “வெயில் காலத்துல எல்லா ஓடையும் பாதைதான் சார். நான் வரையிறது மழைக்காலத்துப் படம்.”

பழைய படம் இருக்கிற வரைக்கும் அம்மா சொல் நிற்கும். அது துணியில் வரைந்த அசல். பச்சை மூடி போட்ட தகரக் குழாயில் இருந்தது. இரண்டு நாள் கழித்துச் சர்வேயர் அந்தக் குழாயை என் கையில் கொடுத்து, “வீட்டுல கொண்டு வெச்சிரு, ராத்திரி பாக்கணும்” என்றார். படங்களை ஆபீசர்மார் வீட்டுக்குக் கொண்டுபோவதும், நாங்கள் சுமந்துபோவதும் வழக்கம். கொண்டுபோனேன். அவர் வீட்டுக்கார அம்மா, “பரண்ல போட்ருங்க” என்றது. ஸ்டூல் போட்டு ஏறி, பித்தளை அண்டாவுக்குப் பின்னால் வைத்தேன். மோர் கொடுத்தார்கள், குடித்தேன்.

மறுவாரம் அசல் படத்தைக் காணோம் என்று ஆபீஸ் முழுக்கத் தேடினார்கள். பொறுப்பு வரைவாளருடையது. அம்மாவுக்கு மெமோ வந்தது. நான் சர்வேயரிடம் ஓடினேன். “சார், அது உங்க வீட்டுப் பரண்ல...” என்று ஆரம்பித்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி, “யாரு கொண்டு போனா? எங்கையிலயா போச்சு, ஒங்கையிலயா போச்சு? திருட்டுன்னு எழுதுனா யாரு மேல எழுதுவாக? ரிட்டயர் ஆக எம்புட்டு நாள் இருக்கு ஒனக்கு?” என்று கேட்டார். இரண்டு வருஷம் இருந்தது.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். என்னையும் கூப்பிட்டார். “படத்தைக் கடைசியாக எங்கே பார்த்தாய்?” என்றார். “அம்மா மேசையில சார்” என்றேன். அதுவும் பொய்யில்லை. படத்தை அங்கேதான் பார்த்தேன். அதற்குப் பிறகு பார்த்தது குழாயை. இப்படி மூன்று தடவை பொய் சொல்லாமலே ஒரு மனுஷியைக் கவிழ்த்தேன்.

அம்மாவைக் கடலோரத்தில் ஏதோ ஒரு ஊருக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு நின்றது. எட்டு வருஷம் அங்கே வேலை பார்த்து, படத்தைத் தொலைத்தவர் என்ற பெயரோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி வந்தார். சர்ச்சில் கூட ஒரு பெண்பிள்ளை, “அந்தப் படம் கிடைச்சிருச்சாக்கா?” என்று கேட்டதாம். “தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாராம் அம்மா. அம்மாவுக்கு வேறு ஆசை ஒன்றும் இருந்ததாக எனக்குத் தெரியாது. தான் தொலைக்கவில்லை என்று ஒரு தாளில், ஒரு வரி, யாராவது எழுதித் தர வேண்டும். அந்த வரி கிடைக்காமலே போய்விட்டார்.

பச்சை மஞ்சளானது. கரட்டோடையில் மண் அடித்துத் தார் போட்டார்கள். இரண்டு பக்கமும் வீடு எழும்பியது. பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், சீட்டுக் கட்டிச் சேர்த்து வாங்கியவர்கள். தாமிரபரணி கரை மீறி ஓடிய அந்த மார்கழியில் எங்கள் பக்கமும் மலை இருட்டிக் கொட்டியது. விடிந்ததும் நான் குடையை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். தண்ணீர் தார் ரோட்டில் வந்துகொண்டிருந்தது. கிணறு இருந்த இடத்தில் வளைந்தது. பனை நின்ற இடத்தில் அகன்றது. நான் கண்ணை மூடிக்கொண்டு நடந்த அதே நடை. செல்வி என்ற ஒரு பிள்ளை, தறி முங்கி, சுற்றி வைத்த துணியெல்லாம் சேறாகி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. “எங்களுக்கு வித்தப்ப இது ஓடைன்னு யாருமே சொல்லலையே பெரியவரே” என்றது. அப்படிச் சொல்லாதவர்களில் நானும் ஒருவன்.

அங்கிருந்து நேரே சர்வேயர் வீட்டுத் தெருவுக்குப் போனேன். காய்ந்து கிடந்தது. வாசலில் கோலம்கூட அழியவில்லை. அவர் வீடு மேட்டில் இருக்கிறது. மேடு எது, பள்ளம் எது என்று அவருக்குத் தெரியாதா? அளந்தவர் அல்லவா?

அன்றைக்கே பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போனேன். குழாயை, பரணை, மோரை எல்லாம் சொன்னேன். “அந்த வீட்டுக்குள்ள தண்ணி போயிருக்கணும்மா. அவரு பரண் வரைக்கும் ஏறியிருக்கணும்” என்றேன். “தண்ணி யாரையும் பழிவாங்காதுண்ணே. அது வழிய அது பாக்குது. பாவம், அந்தச் செல்விப் பிள்ளை என்ன பண்ணுச்சு?” என்றார் அம்மா. மன்னித்தேன் என்று அவர் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. “இத்தன வருஷம் கழிச்சு எங்கிட்டச் சொல்லி என்ன பண்ண? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க” என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அந்த நீலப் பென்சிலை எடுத்தார். விரல் நீளம் இன்னும் மிச்சம் இருந்தது. “கல்லெல்லாம் ஞாபகம் இருக்கா? கண்ண மூடிக்கிட்டு நடங்க.”

பதினோரு கல். ஒன்று விடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை போவேன். நான் நடக்க, அவர் வரைந்தார். முடிந்த அன்று மூலையில் வரைந்தவர் என்று கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நடந்தவர் என்று எழுதி, என் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி வைத்தார். இந்தக் கைநாட்டு எதற்கு என்று எனக்குத் தெரிந்து நான் வைத்தது அது ஒன்றுதான்.

அடக்கத்தன்று சர்ச் வாசலில் மைக் வைத்து, அம்மாவோடு வேலை பார்த்தவர்களைப் பேசச் சொன்னார்கள். சர்வேயர் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, பெரிய மாலை. மைக்கைப் பிடித்து, “எஸ்தர் அம்மா மாதிரி ஒரு நேர்மையான...” என்று ஆரம்பித்தார். நான் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

“சார், அந்தக் குழாய் பத்திரமா இருக்கா?”

“எந்தக் குழாய்?”

“பச்ச மூடி போட்டது. உங்க பரண்ல, அண்டாவுக்குப் பின்னால நாந்தான வெச்சேன்.”

மைக்கில் அத்தனையும் கேட்டது. “ஏலே, எழவு வீட்டுல வந்து ஒளறாத. வயசாயிருச்சு ஒனக்கு” என்றார். “ஆமா சார். எனக்கு எம்பது. உங்களுக்கு எழுவத்தினாலு. ரெண்டு பேருக்கும் நாள் கம்மி. இப்பவாச்சும் எறக்கிக் குடுங்க” என்றேன். அவர் மாலையைப் பெட்டி மேல் வைக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டு, கல்லறைத் தோட்டம் வரை வராமல் காரில் ஏறிப் போய்விட்டார். அந்த மாலையை ஆடு தின்றது. நான் நின்று பார்த்தேன். எனக்கு நிறைவாக இருந்தது. அம்மாவுக்குப் பிடித்திருக்காது. அதற்காக நான் பொய் சொல்ல முடியாது.

இப்போது புதிதாகத் திட்டப் படம் போடுகிறார்கள். ஆட்சேபணை சொல்லலாம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இந்தத் தடவை ஒட்டியது நானில்லை. ஜெனிபரை நிறுத்தி முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அதில் கரட்டோடை இன்னும் வண்டிப்பாதைதான். விசாரணை அன்று அம்மாவின் படத்தைக் கொண்டுபோய் மேசையில் விரிக்கப்போகிறேன். கிழவனும் கிழவியும் வரைந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். ஆதாரம் அசல் படம். அதை வைத்திருப்பவர் வந்து, இது ஓடைதான், எஸ்தர் அம்மா இதைத் தொலைக்கவில்லை, நான்தான் மறைத்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அம்மாவுக்கு அந்த ஒரு வரி கிடைத்துவிடும். சொல்லாவிட்டால், அவர் போகிற கல்யாணம், காதுகுத்து, எழவு வீடு எல்லாவற்றுக்கும் நான் கம்பை ஊன்றிக்கொண்டு போவேன். போகிற இடமெல்லாம் குழாயைக் கேட்பேன்.

அம்மாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் படமும், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்க என்ற சொல்லும்தான். பொறுமையும் அவரிடம் நிறைய இருந்தது. அதை நான் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த அறையில் ஆறு பேர் என்றேன். ஆபீசர் சர்க்கரை முற்றி, ஒரு காலை எடுத்து, பிறகு போனார். பிளாட் போட்டவர் குளியலறையில் வழுக்கி விழுந்து போனார். கவுன்சிலர் கொரோனாவில் போனார். தூக்க ஆள் இல்லை. மூன்று சாவுக்கும் நான் வருந்தவில்லை. ஆனாலும் பெயரைச் சொல்லவில்லை. எழுந்து வந்து பதில் சொல்ல முடியாதவர்களை இழுப்பதில் என்ன இருக்கிறது? இப்போது அம்மாவும் போய்விட்டார். மிச்சம் இரண்டு பேர். ஒருவன் நான். என் பெயரையும் நான் செய்ததையும் மேலே சொல்லிவிட்டேன், கைநாட்டும் வைக்கிறேன்.

இன்னொருவர் உயிரோடு, மேட்டுத் தெருவில், கால் நனையாமல் இருக்கிறார். பேனாவைக் கீழே வைக்காதே ஜெனிபர், எழுது: சர்வேயர் அருணகிரி.